பொங்கலுக்குப் பொங்கல் பூசிய தரை

எங்கள் வீட்டு ஹாலிலும் பூஜை அறையிலும் செங்கல் நிறத்தில் சுட்ட மண் ஓடு பதித்திருக்கிறது. டெரகோட்டா டைல்ஸ் என்பார்கள். கொடைரோட்டுக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு விடுதியில் அதைப் பார்த்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர், நம் வீட்டிலும் இதுதான் என்று முடிவு செய்தார். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. இவர் ஒருவர் முன்னாலும் அதிகம் வராது.

ஓட்டைக் குறை சொல்ல மாட்டேன். சித்திரை வெயிலில் ஊரே கொதிக்கும்போதும் கால் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். கெடுத்தது அதன் மேல் பூசிய சீலர்தான். எண்ணெயும் கறையும் ஓட்டுக்குள் இறங்காமல் இருக்கப் பூசுகிற திரவம் அது. ஒரு தடவை அளவாகப் பூசினால் போதும். ஆனால் வீடு கட்டி முடித்த வருஷம் ஒரு டப்பா மிச்சமிருந்தது. பொங்கலுக்கு முன்னால் சுவருக்கு வெள்ளையடித்த இவர், கையோடு தரைக்கும் ஒரு பூச்சு பூசினார். பளபளவென்று வந்தது. அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஊரெல்லாம் பொங்கலுக்குச் சுவருக்கு அடித்தது, நாங்கள் தரைக்கும் அடித்தோம். பழையதைச் சுரண்டி எடுப்பதெல்லாம் கிடையாது. பழையதன் தலையிலேயே புதியது.

சுண்ணாம்பாவது உதிரும். இது உதிராமல் வருஷா வருஷம் தடித்து, மஞ்சளாகிக்கொண்டே போனது. உள்ளே என்னென்னவோ மாட்டிக்கொண்டு கிடந்தன. பிரஷ்ஷிலிருந்து விழுந்த மயிர், ஒரு கட்டெறும்பு, காய்வதற்குள் நடந்துபோன பூனையின் கால்தடம், பழுப்பாகிப்போன ஒரு மல்லிகை இதழ். வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "முகம் தெரியுது பாருங்க" என்பார் இவர். தெரியத்தான் செய்தது, காமாலை வந்தவர் முகம் மாதிரி. முகம் பார்க்க வேண்டுமென்றால் சுவரில் கண்ணாடி மாட்டியிருக்கிறது. அதில் பார்ப்பதற்கு யாரும் குனிய வேண்டியதில்லை.

நான் வீட்டில் பூக்கட்டிக் கடைக்குக் கொடுக்கிறேன். நிலக்கோட்டையிலிருந்து வேனில் வரும் மல்லிகை காலையிலேயே வந்துவிடும். ஹாலில் சாக்கை விரித்துக் கொட்டி, தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கட்ட வேண்டும். அந்தத் தண்ணீரில்தான் போன ஆடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் நாரைச் சுற்றப் பழகுவதற்கு வெகுநாளாயிற்று. இன்னொரு தடவை விழுந்தால் கம்பி வைக்க வேண்டி வரும், அப்புறம் பூக்கட்ட முடியுமா என்று சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் இவர் குனிந்து தரையைப் பார்த்தார். வளையல் உடைந்த இடத்தில் கீறல் விழுந்திருக்கிறதா என்று தேடினார்.

தரையைச் சுரண்ட வேண்டும் என்ற ஞானம் என் கையால் வரவில்லை. இவருடைய அக்காவால் வந்தது. மதினி தன் மகள் வளைகாப்பை எங்கள் வீட்டு ஹாலில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல வந்தார். அவர்கள் வீடு சின்னது. வாசல் பக்கம் மட்டும் வெயில் பட்டுப் பூச்சு பெயர்ந்து கிடந்த இடத்தைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

"ஏலே தம்பி, என்னலே இது, சொறி புடிச்ச நாயி மாதிரி? சம்பந்தகாரவுக பாத்தா என்ன நெனப்பாக?"

அன்று சாயங்காலமே இவர் ஆளுக்குச் சொல்லிவிட்டார்.

இரண்டு பேர் வந்தார்கள். ஏதோ ஒரு திரவத்தை ஊற்றி ஊறவிட்டார்கள். மூக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் பூச்சு வெல்லப்பாகு மாதிரி இளகிவிட்டது. தகட்டால் வழித்து வழித்து வாளியில் போட்டார்கள். வழிக்க வழிக்க அடியில் இன்னொரு படலம் இருந்தது.

"அண்ணே, இம்புட்டு கோட்டிங் ஏத்துன தரைய நான் எங்கயுமே பாத்ததில்லண்ணே" என்றார் மூத்தவர்.

"வருசம் தவறாம அடிப்பேன்ல" என்றார் இவர். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு டீ சொல்லப் போனார்.

"அண்ணன் அடுத்து கூரைக்கும் சீலர் அடிப்பாரு போல" என்று மற்றவர் மெதுவாகச் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். சமையலறையிலிருந்து நானும் சிரித்தேன், சத்தமில்லாமல்.

வழித்துக் கழுவிச் சில நாள் காயவிட்டபோது, வீடு கட்டின வருஷம் பார்த்த ஓடு வெளியே வந்தது. ஈரக்காலோடு நடந்து பார்த்தேன். வழுக்கவில்லை. மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொள்ளாமல் அந்த ஹாலைக் கடந்தது, விழுந்த பிறகு அதுதான் முதல் தடவை.

சீலர் பூச வந்த அன்று மூத்தவர் கேட்டார்: "மேட்டா, கிளாஸாண்ணே? மேட்னா பளபளப்பு இருக்காது, வழுக்காது."

"பளபளப்பு இல்லாம அடிக்கதுக்கா இம்புட்டு பாடு? கிளாஸே அடிங்க. முகம் தெரியணும்."

நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். இப்போது விட்டால் டப்பாவைத் திறந்துவிடுவார்கள்.

"கிளாஸ் வேணாம்" என்றேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள். பீரோ பேசியதைப் போல இவர் என்னைப் பார்த்தார்.

"என்ன சொன்ன?"

"கிளாஸ் அடிச்சா இந்த ஹால்ல நான் பூக்கட்ட உக்கார மாட்டேன். வளைகாப்புக்கு ஜடை, மாலை எல்லாம் வெளிய சொல்லிருங்க."

"ஏய், நீதான் பூ ஜடை செய்வேன்னு அக்கா சம்பந்தகாரவுக பூராப் பேருகிட்டயும் சொல்லிருச்சு."

"தெரியும்."

இவர் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவியின் கை ஒரு பக்கம், அக்காவின் வாய் ஒரு பக்கம் என்று நிறுத்துப் பார்க்கிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படியெல்லாம் இல்லை. இரண்டு பக்கமும் அக்காதான் இருந்தார். தரை மங்கினால் அக்கா என்ன சொல்வார், ஜடை இல்லாவிட்டால் அக்கா என்ன சொல்வார், அவ்வளவுதான். ஜடைக்கு இருக்கிற மரியாதை அதைப் பின்னுகிற கைக்குக் கிடையாது. திரும்பி வந்து மூத்தவரிடம், "சரி, மேட்டே அடிங்க. இப்ப எல்லா எடத்துலயும் அதான் ஃபேஷன்" என்றார், தானே யோசித்ததைப் போல. உடனே, "ஆனா பூஜை ரூமுக்குக் கிளாஸ்தான். சாமி இருக்க எடம் பளிச்சுன்னு இருக்கணும்" என்றும் சொன்னார்.

பூஜை அறையில் நான் பூக்கட்டுவதில்லை.

வளைகாப்பு நன்றாக நடந்தது. ஜடையைச் சம்பந்திகள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மதினி மட்டும் தரையைப் பார்த்து, "காசு குடுத்தும் கழுவாத தரை மாதிரி இருக்கேலே" என்றார். ஃபேஷனைப் பற்றி இவர் அக்காவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சாக்கின் மேல் கால் நீட்டி உட்கார்ந்து, நான் மிச்சப் பூவைக் கட்டினேன்.

இப்போதெல்லாம் காலையில் குளித்துவிட்டுச் சொட்டச் சொட்டப் பூஜை அறைக்குப் போகும்போது, இவர் ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, கால் பெருவிரலால் தரையைத் தடவிப் பார்த்து உள்ளே இறங்குகிறார். கிணற்றுக்குள் இறங்குகிறவர்கூட அவ்வளவு பயப்பட மாட்டார். நேற்று, "ஏ இந்தா, அங்க ஒரு கால்மிதி போடேன்" என்றார்.

போட்டால் பளபளப்பு மறைந்துவிடுமே என்றேன்.