முனிரத்தினத்தின் கரிக்குச்சி

டார்ச் லைட் பேட்டரியைத் தரையில் நிறுத்தி, குழவிக்கல்லால் ஒரே போடு. தகரம் பிளந்து கறுப்பு மாவு சிதறுகிறது. நடுவில் இருக்கும் கரிக்குச்சியை இரண்டு விரலால் உருவி, குழாயில் கழுவி, காக்கிச் சட்டையில் துடைத்துவிட்டு, முனிரத்தினம் அதை நாக்கில் வைத்துப் பார்க்கிறார். முகம் சுளித்தால் குச்சி குப்பைக்குப் போகிறது. சுளிக்காவிட்டால் விஞ்ஞானத்துக்கு.

"ருசி பாக்காத கொழம்பும் நக்கிப் பாக்காத கரியும் ஒண்ணு சார். நம்பக் கூடாது" என்பார்.

"பாட்டிலில் இருக்கிற அமிலத்தையும் இப்படித்தானா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனுக்கு இன்னா பைத்தியமா சார்?" என்று கோபித்துக்கொண்டார்.

எங்கள் காஞ்சிபுரம் கல்லூரி ரசாயனக் கூடத்தின் அட்டெண்டர் அவர். பதினோரு வருஷமாகத் தற்காலிகம். இதற்குள் நிரந்தரமான பிரின்சிபால்கள் மூன்று பேர் வந்து போய்விட்டார்கள். கோடை விடுமுறை இரண்டு மாதமும் சம்பளம் கிடையாது. அப்போது வாலாஜாபாத் அரிசி மில்லில் மூட்டை தூக்குவார். ஐம்பது வயதை நெருங்குகிற முதுகு. ஜூன் மாதம் திரும்பி வரும்போது நாற்பத்தைந்து டிகிரியில்தான் வரும். அடுத்த அறையில் தமிழ் நடத்துகிறவன் நான். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்றம் கிளம்பினால் இந்தப் பக்கம் செய்யுள் பாதியில் நிற்கும். அதைத் தவிர எனக்கும் ரசாயனத்துக்கும் சம்பந்தமில்லை.

நாக்குத் தேர்வில் தேறிய குச்சியை உருக்கிய மெழுகில் முக்குவார். கரியில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கின்றனவாம், அவை அடைபட வேண்டுமாம். மெழுகுவத்தி மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய துண்டு. அவர் மனைவி மரியம்மாள் உபயம். ஆறியதும் நுனியை உப்புத்தாளில் தேய்ப்பார். கடைசி மெருகுக்குப் பட்டு நூல். மரியம்மாள் ஒரு தறிக்காரர் வீட்டில் நூல் இழைக்கப் போகிறாள். அங்கே அறுந்து சிக்குப்பட்டு, எதற்கும் உதவாமல் ஒதுக்கிய மைசூர்ப் பச்சை நூலை முந்தானையில் முடிந்து வருவாள். பச்சை என்றால் நிறமல்ல, சவுக்காரம் போட்டு வேகவைக்காத நூல். பிசின் போகாமல் விறைத்துக்கொண்டு, பழுப்பு மஞ்சளாய் இருக்கும். அந்தச் சிக்கால் பத்து நிமிஷம் தேய்த்துவிட்டு மறுபடி ஒரு நக்கு. "நவாப்பழம் மாதிரி வழுக்கிக்கினு போவணும் சார்" என்பது அவர் வைத்திருக்கும் அளவுகோல்.

இந்தக் குச்சியால் என்ன பயன்? ரசாயனப் பேராசிரியர் ராஜகோபால் எனக்கு மூன்று காபி நேரம் விளக்கியதில் புரிந்தது இவ்வளவுதான். மனிதனின் மூத்திரத்தில் யூரிக் அமிலம் என்று ஒன்று உண்டு. அது மிஞ்சினால் கால் கட்டைவிரலில் போய் உட்கார்ந்துகொண்டு ஆளை அலறவைக்கும். அதை அளக்கலாமென்று கரிக்குச்சியை மூத்திரத்துக்குள் விட்டு மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால், எலுமிச்சையிலும் நெல்லிக்காயிலும் இருக்கிற வைட்டமின் சி கூடவே முண்டியடித்துக்கொண்டு வந்துவிடுகிறது. காகிதத்தில் கோடு போட்டால் இரண்டும் சேர்ந்து ஒரே திமில். எது யார் என்று தெரியாது.

ராஜகோபால் செய்த குச்சிகளிலெல்லாம் ஒற்றைத் திமில்தான். முனிரத்தினத்தின் குச்சியில் மட்டும் இரண்டு. ராஜகோபாலும் கடையில் உயர்ந்த பட்டு வாங்கித் தேய்த்துப் பார்த்தார். ஒன்றுதான். "என்னய்யா போடறே அதிலே?" என்று கேட்டால், "ஒண்ணியும் போடல சார். தேய்க்கறேன், அவ்ளோதான்" என்பார் இவர். உண்மையிலேயே இவருக்கும் தெரியாது.

யோசித்து யோசித்து ராஜகோபால் ஒரு முடிவுக்கு வந்தார். காரணம் எச்சில். டம்ளரை உதட்டில் படாமல் தூக்கிக் காபி குடிக்கிற மனுஷர், அதை எழுதக் கூசி, நோட்டில் 'உயிர்ப்படலம்' என்று எழுதி வைத்திருந்தார்.

போன மாசி மாதம் சென்னையிலிருந்து ஒரு பெரியவர் ஆராய்ச்சியைப் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. ராஜகோபால் முனிரத்தினத்தைக் கூப்பிட்டு, "அவர் முன்னாடி ரெண்டு திமில் வரட்டும். உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி அன்னிக்கே எழுதறேன்" என்றார். முனிரத்தினம் சுவரைப் பிடித்துக்கொண்டார். அன்று எனக்கும் வகுப்பில் மனம் ஓடவில்லை. கோடைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. அந்த முதுகு இன்னொரு மில் சீசனைத் தாங்காது என்பது எனக்கே தெரியும்.

அந்த நாளும் வந்தது. முனிரத்தினம் தலை முழுகி, வெளுத்த வேட்டி கட்டி, சட்டைக்குக் கஞ்சி போட்டு வந்தார். கையில் வாழையிலைப் பொட்டலம். உள்ளே பால் போலப் பட்டு. மரியம்மாள் தறிக்காரர் மனைவி தேவகியிடம் கெஞ்சி வாங்கியது. வேகவைத்து, பாலாற்றுத் தண்ணீரில் அலசி, சேலைக்கென்று வைத்த நூல்.

"நல்ல காரியம் சார். கண்ட கழிசலையும் வெச்சித் தேய்க்கலாமா?" என்றார். நல்ல காரியமென்றால் நல்ல பட்டு, இந்த ஊரில் யாரும் அப்படித்தான் செய்வார்கள். நானும் தலையாட்டினேன். பெரியவர் முன்னால் மரியாதையாக இருக்கட்டுமென்று அன்று குச்சியை நக்கவும் இல்லை.

பெரியவர் பதினோரு மணிக்கு வந்தார். கண்ணாடிக் குவளையில் முனிரத்தினத்தின் சொந்த மூத்திரம்; அதில் ஒரு வைட்டமின் சி மாத்திரை. குச்சி இறங்கியது. ராஜகோபால் மீட்டர் முள்ளைப் பார்த்துப் பார்த்துக் காகிதத்தில் புள்ளி வைத்தார். ஒரு திமில். மறுபடி கழுவி, தேய்த்து, இறக்கினார்கள். அதே ஒரு திமில். பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காஞ்சிபுரத்துக்குச் சோதனைக்கு வருகிற எவரும் பட்டுக்கடையைச் சோதிக்காமல் திரும்பியதில்லை.

ராஜகோபால் முனிரத்தினத்தை நான் நின்றிருந்த கதவோரம் இழுத்து வந்தார். "நக்கு."

"இன்னா சார்?"

"நக்குய்யா! தினம் நக்குவியே!"

"பெரியவங்கோ வந்துக்கிறாங்கோன்னு..."

"பரவாயில்லை, நக்கு!"

முனிரத்தினம் நக்கினார். குச்சி இறங்கியது. ஒரு திமில். அப்போது ராஜகோபால் ஒரு காரியம் செய்தார். குச்சியைப் பிடுங்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தாமே நக்கினார். ஒரு நிமிஷம் முன்பு அது எந்தக் குவளையில் குளித்துவிட்டு வந்தது என்பது எனக்குத் தெரியும். கழுவினார்கள், இல்லையென்று சொல்லவில்லை. இதுவும் செய்முறையில் ஒரு பகுதியா என்று பெரியவர் இங்கிலீஷில் விசாரித்தார். நான் மேல்துண்டை வாயில் அடைத்துக்கொண்டேன்.

ராஜகோபாலுக்கு அப்போதுதான் உறைத்தது. குழாயடிக்கு ஓடியவர், கொப்பளித்தார், கொப்பளித்தார், கொப்பளித்துக்கொண்டே இருந்தார்.

முனிரத்தினம் அந்த வெள்ளைப் பட்டை எடுத்து விரல் நடுவில் உருட்டினார். முகர்ந்தார். நுனியை நாக்கில் வைத்தார். முகம் சுளித்தது. "பிசினே இல்ல சார் இதுல" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். மேசைக்கு அடியில் பழைய டப்பாவைத் துழாவி, அந்தப் பழுப்புச் சிக்கை எடுத்தார். "பத்து நிமிசம் சார், கோயிலு எங்கியும் ஓடாது, பட்டும் எங்கியும் ஓடாது" என்று பெரியவரை உட்காரவைத்துவிட்டுத் தேய்க்கத் தொடங்கினார். நெற்றி வியர்வை சொட்டியது. ஏகாம்பரநாதர், மாதா, இன்னும் பெயர் தெரிந்த எல்லோரையும் நான் துணைக்கு அழைத்தேன்.

ராஜகோபால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தபோது குச்சி தயார். புள்ளிகள் ஏறின, இறங்கின, மறுபடி ஏறின. இரண்டு திமில். பெரியவர் பட்டுக்கடையை மறந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இப்போது என்ன மாற்றம் செய்தீர்கள் என்று கேட்டார்.

"குச்சியின் மேற்பரப்பை நான் மாற்றினேன்" என்றார் ராஜகோபால் இங்கிலீஷில். முனிரத்தினத்துக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ஆனால் 'நான்' என்பதற்கு இங்கிலீஷில் என்ன என்று தெரியும்.

ராஜகோபால் குனிந்து அவர் காதில், "என்னய்யா பண்ணே? சீக்கிரம் சொல்லு" என்றார். (ராஜகோபால் தமிழ்ப் பத்திரிகை படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.)

"சொல்றேன் சார். ஆர்டரு கைக்கு வரட்டும்" என்றார் முனிரத்தினம், வெகு மரியாதையாக. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, கஞ்சி போட்ட சட்டையைத் தூக்கி, அந்த அழுக்கு நூல் சிக்கை அரைஞாண் கயிற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு, சட்டையை இறக்கி விட்டுக்கொண்டார்.