தாய்மாமன் போட வேண்டிய மாலை

2011 ஆவணியில் எனக்குத் திருமணம் என்று பேசி முடித்திருந்தார்கள். கடலூரில் ஒரு ரசாயன ஆலையின் கருவிப் பிரிவில் எனக்கு வேலை, வீடு சிதம்பரம், மாப்பிள்ளை வீடு சர்க்கரை ஆலை இருக்கும் நெல்லிக்குப்பம். நாள் மட்டும் குறிக்க வேண்டியிருந்தது. அந்த வாரம்தான் மாமாவின் கருணை மனு தள்ளுபடியானது.

மாமா அம்மாவின் தம்பி. கீரப்பாளையம் பக்கம் வயல்கூலி உயர்வு கேட்டு ஆட்களைத் திரட்டியவர். ஒரு நிலக்காரர் கொலையானபோது, திரட்டியவர் என்பதாலேயே வழக்கில் முதல் ஆளாகச் சேர்க்கப்பட்டார். கொலை நடந்த நேரத்தில் அவர் சேத்தியாத்தோப்பில் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் எல்லாம் கூலிக்காரர்கள். அவர்கள் சாட்சி எடுபடவில்லை. தூக்கு என்று தீர்ப்பானது.

எங்கள் பக்கம் மணப்பெண்ணுக்கு முதல் மாலை தாய்மாமன்தான் போட வேண்டும். அவர் உயிரோடு இருக்கும்போது அந்த இடத்தில் இன்னொருவர் நிற்கக் கூடாது.

சிறைக்குக் கொண்டுபோக வேண்டியதை நான் எப்போதும் எழுதி வைத்துக்கொள்வேன்: பழம், பிஸ்கட், சோப்பு, வக்கீல் கேட்ட நகல்கள். மனு தள்ளுபடியானபின் பார்க்கப் போன அன்று அம்மா முல்லைச் சரம் ஒன்றையும் பையில் போட்டிருந்தாள். மாமா தொட்டுக் கொடுத்துவிட்டால் அவர் போட்ட மாதிரிதான் என்று நினைத்தாள். வாசலில் காவலர் அதை எடுத்து வெளியே வைத்தார்.

"பூ தானேய்யா?"

"நூல் இருக்குல்லம்மா. தூக்குக் கைதிக்கு நூலு, நாடா எதுவும் உள்ள போவக்கூடாது. எதாச்சும் பண்ணிக்கிட்டா நாங்கதான் பதில் சொல்லணும்."

கொல்வதற்காக அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார்கள்.

கம்பிக்கு அந்தப் பக்கம் மாமா சிரித்தார். "நெல்லிக்குப்பமா? அப்ப காப்பிக்குச் சக்கரைப் பஞ்சம் இல்ல."

"மாலைக்கு யாருடா நிப்பா?" என்றாள் அம்மா.

"நம்ம பெரியப்பா மவன் நிக்கட்டுங்க்கா. எனக்காக நிறுத்தி வைக்காத."

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளையின் அம்மா வந்தார். மென்மையாகப் பேசுகிறவர்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சம்மந்தி. அது நடந்துட்டா தீட்டு, கல்யாணம் தள்ளிப்போயிடும். முன்னாடி வச்சா மாமன் இல்லாத கல்யாணம்பாங்க. எப்பன்னு ஜெயில்ல சொல்லிட்டா, நாம தோதா ஒரு நாள் பாத்துக்கலாம்."

"எது நடந்துட்டா?" என்று அம்மா கேட்டாள்.

அம்மா உள்ளே போய், நிச்சயத்துக்கு அவர்கள் வைத்த புடவையைக் கொண்டுவந்தாள். தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து நீட்டினாள். நான் தடுக்கவில்லை.

தூக்குக்கு எதிராகச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் சிலர் தினமும் பந்தல் போட்டு உட்கார்ந்து கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். "கல்யாணப் பொண்ணு ரோட்ல நின்னான்னு பேச்சு வரும்டி" என்று அதுவரை அம்மா என்னைப் போக விட்டதில்லை. மறுநாள் காலை அவளே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நானும் போனேன்.

சில நாட்களில் நீதிமன்றம் தூக்குக்குத் தடை விதித்தது. கொஞ்ச காலத்துக்கு மட்டும்தான். பந்தலில் இனிப்பு கொடுத்தார்கள். அம்மா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், தின்னவில்லை.

காய்க்கூடையோடு பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் கேட்டாள்: "அதான் நிறுத்திட்டாங்களாமே, இன்னும் ஏம்மா ஒக்காந்திருக்க?"

"நிறுத்தலம்மா. தள்ளித்தான் வச்சிருக்காங்க."

"அவரு ஒனக்கு என்ன வேணும்?"

அம்மா என்னைக் காட்டினாள். "இவளுக்குத் தாய்மாமன்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு கூடையை இறக்கி வைத்தாள். அம்மா கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.