மண்ணைத் திருப்பியவர்

மூன்று வாரமாக என் கையில் மைக் இல்லை. "சிஸ்டர், கொஞ்ச நாளைக்கு ரெஸ்ட் எடுங்க" என்று பாஸ்டர் சொல்லிவிட்டார். பதினாலு வருஷத்தில் ஒரு ஞாயிறுகூட ரெஸ்ட் கேட்காதவள் நான். காய்ச்சலோடு போய் நின்று மொழிபெயர்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் இந்த அக்கறை எங்கே போயிருந்ததோ தெரியாது.

எங்கள் சபை கட்டுகஸ்தோட்டையில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் கூடுகிறது. இடப்பக்கக் கதிரைகளில் தமிழர், வலப்பக்கத்தில் சிங்களவர். அப்படி உட்காரும்படி யாரும் சொன்னதில்லை, தானாக அமைந்தது. கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரின் கவுன்டரில் நாள் முழுக்க இரண்டு மொழியிலும் மாரடிக்கிறவள் என்பதால், இந்த வேலை என் தலையில் விழுந்தது. யார் எழுந்து பேசினாலும் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வாக்கியமாக மற்ற மொழியில் சொல்ல வேண்டும். பேசுகிறவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று ஒதுங்கி நிற்கக் கூடாது என்பது பாஸ்டர் போட்ட சட்டம்.

அந்தச் சட்டப்படி நான் குடித்துக் கெட்டுத் திருந்தியிருக்கிறேன். என் வயிற்றுக் கட்டி கரைந்திருக்கிறது. எனக்கு டுபாய்க்கு விசா கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தமிழ்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆமென் வரும். விசா கர்த்தர் கொடுத்தது என்றால், அதே வரிசையில் நின்று கிடைக்காமல் திரும்பியவளுக்குக் கொடுக்காதது யார்? இந்தச் சின்னக் கேள்வி பதினாலு வருஷமாக என் மண்டையில் உதிக்கவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பது என்னைப் போன்றவர்களுக்குத்தான்.

என் தம்பி நாவலப்பிட்டியில் ஹாட்வெயார் கடை ஒன்றில் வேலை செய்கிறவன். டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஏறும் பாதையோரம் வீடு. அவனும் மனைவியும் மட்டும்தான், பிள்ளைகள் இல்லை. போன மழைக்கு, அவன் கடையில் நின்ற ஒரு பகல் பொழுதில், வீட்டுக்குப் பின்னாலிருந்த மேடு சரிந்து வீட்டை மூடிவிட்டது. அவள் உள்ளே இருந்தாள். வெளியே எடுக்க இரண்டு நாள் சென்றது.

அவனை என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சாப்பிடுவான், உடுப்புத் துவைப்பான், கேட்டதற்குப் பதில் சொல்வான். சபைக்கு மட்டும் வர மாட்டான். அவனை நச்சரித்தது நான்தான். வீடு போய்விட்டது, மனைவி போய்விட்டாள், விசுவாசமும் போனால் இவன் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பான் என்று பயந்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிறு, "சரிக்கா, வாறேன்" என்று சேர்ட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்தான். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தான். மழைக்குத் தப்பியவர்கள் சாட்சி சொல்லும் ஸ்தோத்திர ஆராதனை அன்றைக்கு என்பதை, நான் மேடையில் ஏறிய பிறகுதான் பாஸ்டர் எனக்குச் சொன்னார்.

முதலில் வந்தவள் ஒரு சிங்களப் பெண். கடுகண்ணாவையில் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவள். நல்ல மனுஷி, யாருக்கும் தீங்கு நினைக்காதவள். அவள் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

"நாங்கள் ஆறு பேரும் முழங்காலில் நின்று ஜெபித்தோம்."

ஆமென்.

"பின்னாலிருந்த மலை இறங்கி வந்தது."

ஆமென். மலை இறங்கி வந்ததற்கும் ஆமென்!

"எங்கள் வீட்டுக் குசினிச் சுவர் வரைக்கும் வந்துவிட்டது."

அடுத்த வாக்கியத்தை அவள் கண்ணீரோடு, கையை உயர்த்திச் சொன்னாள். நாங்கள் ஜெபித்ததால் கடவுள் அந்த மண்ணை எங்கள் பக்கம் விடாமல் மற்றப் பக்கம் திருப்பிவிட்டார் என்றாள். மற்றப் பக்கம் யார் இருந்தார்கள் என்று அவள் சொல்லவில்லை. அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை. அவள் பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அதுதான் எரிச்சலைக் கூட்டியது. பொய் என்றால் அவளோடு போயிருக்கும். இது நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவளுக்குக் கற்றுக்கொடுத்த கடவுள். என் வாயாலும்தான்.

அதை நான் தமிழில் சொல்லவில்லை. தமிழ்ப் பக்கம் ஆமெனுக்குக் காத்துக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க சிஸ்டர்" என்றார் பாஸ்டர், மெதுவாக. நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். அந்த ஒரு வாக்கியம் மட்டும் என் தம்பியின் காதில் விழக் கூடாது, என் குரலில் விழவே கூடாது.

"சொல்லுங்கக்கா" என்று மூன்றாவது வரிசையிலிருந்து சத்தம் வந்தது. "எனக்கு அப்பவே விளங்கிருச்சு."

எப்பேர்ப்பட்ட முட்டாள் நான்! இருபது வருஷமாகச் சிங்களத்தில் ஆணியும் சீமெந்தும் விற்றவன் அவன். என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசுவான். யாருக்கு மறைக்க நினைத்தேனோ, அவனுக்குத்தான் முதலில் கேட்டிருக்கிறது.

அவன் எழுந்து நின்றான். அந்தப் பெண்ணை 'அக்கே' என்று மரியாதையாகக் கூப்பிட்டு, சிங்களத்தில் ஒரு வாக்கியம் சொன்னான். சொல்லிவிட்டு நிறுத்தி, என்னைப் பார்த்தான். வழக்கம் அவனுக்கும் தெரியும். பாஸ்டர் மைக்கை வாங்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"என் மனைவியும் அன்றைக்கு ஜெபித்துக்கொண்டுதான் இருந்தாள்" என்றேன், தமிழில்.

பின்வரிசையில் ஒருவர் பழக்கதோஷத்தில் ஆமென் என்றுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

தம்பி அடுத்த வாக்கியத்தைச் சொன்னான். நான் அதையும் சொன்னேன். "பாதை சரியில்லை, நீங்கள் வர வேண்டாம், நான் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குப் போனில் கோல் எடுத்தாள்."

மூன்றாவதைச் சொல்லும்போது அவன் குரல் உடையவில்லை. உடைந்தது என் குரல்தான்.

"அவளுடைய ஜெபத்தில் என்ன குறை என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்."

கடுகண்ணாவைப் பெண் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். பாஸ்டர் மைக்கைப் பிடுங்கி, "தேவனுடைய சித்தம் நமக்கு விளங்காது" என்று சொல்லிப் பாட்டைத் தொடங்கச் சொன்னார். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் கடவுள் எந்தப் பக்கம் மண்ணைத் தள்ளினார் என்று எல்லோருக்கும் விளங்கியிருந்ததே! தப்பியவன் வீட்டில் விளங்குகிற சித்தம், செத்தவள் வீட்டு வாசலுக்கு வந்ததும் எப்படி விளங்காமல் போகிறது? இதை அவரிடம் நேரே கேட்டேன். அதற்குத்தான் இந்த ரெஸ்ட்.

அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி நீ வர வேணாம்பா. நானும் போக மாட்டேன்" என்றேன்.

"நான் வருவேன்க்கா. கேள்வி கேட்டுட்டு வந்திருக்கேன். பதில் வேணுமில்ல?"

"அந்தாளா பதில் சொல்லப் போறாரு?"

"பாஸ்டர்கிட்டயாக்கா நான் கேட்டேன்?" என்றான்.

சொன்னபடி மூன்று ஞாயிறும் வந்தான். இப்போது முதல் வரிசையில் உட்காருகிறான், பக்கத்தில் நான். ஆமென் வருகிற இடத்தில் இரண்டு பேரும் வாயைத் திறப்பதில்லை. எனக்குக் கடவுள்மேல் இருக்கும் கோபம் தீரவில்லை, தீர வேண்டும் என்று அவசரமும் இல்லை. பாஸ்டர் பிரசங்கம் பண்ணும்போது தம்பியின் பக்கம் பார்வையைத் திருப்புவதே இல்லை. தம்பியும் அவரைப் பார்ப்பதில்லை. அவர் தலைக்கு மேலே சுவரில் தொங்குகிற சிலுவையைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறான். இந்த இருப்பு எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் கவுன்டருக்கு முன்னால், 'கந்தோர்ப் பெரியவர் இல்லை, நாளைக்கு வாங்க' என்று எத்தனை தரம் சொன்னாலும், பெரியவர் வந்து பதில் சொல்லும்வரை கதிரையை விட்டு எழும்பாத ஆட்கள் இப்படித்தான் இருப்பார்கள்.