மேட்டில் பேருந்து நிறுத்தம்

மைக்கு அக்காவின் குரல் இந்தத் தொகுதியில் எல்லோருக்கும் தெரியும். முகம் தெரிந்தவர்கள்தான் குறைவு. கணவர் ஆட்டோ ஓட்டுவார், அக்கா பின்சீட்டில் மைக்கோடு உட்கார்ந்திருப்பார், கூரைமேல் இரண்டு குழாய் ஸ்பீக்கர். சாதாரண நாட்களில் துணிக்கடைத் தள்ளுபடி, தொலைந்துபோன கன்றுக்குட்டி. மாதக் கடைசியில் மட்டும் தொகுதி உறுப்பினர் எழுதித் தரும் செய்தி: எந்தச் சாலைக்கு ஒப்புதல் கிடைத்தது, எந்தத் திட்டத்துக்கு எங்கே விண்ணப்பிப்பது, யாருக்கெல்லாம் நன்றி.

உறுப்பினருக்கு நீட்டி முழக்குவது பிடிக்காது. "தலைப்பு நாலு வார்த்தைக்கு மேல போச்சுன்னா, கேக்கிறதுக்குள்ள ஆட்டோ அடுத்த தெருவுக்குப் போயிடும்மா" என்பார். அக்காவும் எழுதித் தந்ததில் ஓர் எழுத்தைத் தொடமாட்டார். அவருக்கு முன்பு இந்த வேலையைப் பார்த்தவர், விதை விநியோகத்தைப் பற்றிப் படிக்கும்போது உற்சாகத்தில் "இலவசம்" என்று ஒரு சொல்லைச் சொந்தமாகச் சேர்த்துவிட்டு, திரண்டு வந்த கூட்டத்திடமிருந்து தப்பிக்க விதைக் கிடங்கின் பின்வாசல் வழியாக ஓடவேண்டி வந்தது.

சென்ற மாதச் செய்தியில் மூன்று தலைப்புகள். நீர்த்தொட்டி பழுது நீக்கம். பள்ளிக்குப் புதிய கூரை. மேட்டில் பேருந்து நிறுத்தம்.

மூன்றாவதுதான் பெரிய சேதி. நெடுஞ்சாலை ஓரமாக உயரத்தில் இருக்கும் குடியிருப்புக்கு மேடு என்றே பெயர் நிலைத்துவிட்டது. பேருந்து அந்த வழியாகத்தான் போகும், ஆனால் நிற்காது. கீழே பாலத்தடி வரை நடந்து போய் ஏறவேண்டும். உறுப்பினர் போக்குவரத்து அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, மேட்டிலேயே பேருந்து நிற்க உத்தரவு வாங்கியிருந்தார். அந்தச் சந்தோஷத்தில் அக்கா வழக்கத்தைவிடச் சத்தமாகப் படித்தார். தலைப்பு கணீரென்று விழுந்தது. விவரம் வருவதற்குள் ஆட்டோ வளைவில் திரும்பிவிட்டது.

இரண்டு நாள் கழித்து, ஆட்டோவின் கிழிந்த சீட் உறையைத் தைக்கக் கொடுப்பதற்காக அக்கா மேட்டுக்குப் போனார். தையல்காரி வீட்டு முன்னறையில் கால் வைக்க இடமில்லாமல் வெட்டுத்துணி கிடந்தது. தையல்காரி தலை நிமிரவில்லை.

"அங்க வச்சிட்டுப் போங்கக்கா. நிதானமா தச்சுத் தரேன். இனிமே வீட்டுலயேதானே கெடக்கப் போறேன்."

"ஏண்டி, ஒண்ணாந்தேதி ஆஸ்பத்திரியில துணி தைக்கிற ரூம்ல வேலைக்குச் சேரப் போறேன்னு சொன்னே?"

"எதுல போறது? பறந்தா?" தையல்காரி நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார். "பஸ்ஸ நிறுத்திட்டாங்கன்னு நீங்கதானே வாய் நிறையச் சொல்லிட்டுப் போனீங்க. குரல்ல ஒரு வருத்தமாச்சும் இருந்துச்சா? என்னமோ கல்யாணத்துக்குக் கூப்பிடுற மாதிரி!"

அக்காவுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடிப்பாவி! அது நிறுத்துற நிறுத்தம் இல்லடி. நிக்கிற நிறுத்தம்!"

"நிறுத்தம்னா நிறுத்துறதுதானேக்கா?"

"ஆமா, நிறுத்துறதுதான். ஆனா ஆள் ஏத்துறதுக்கு நிறுத்துறது!"

"நல்லாப் புரிய வைக்கிறா பாரு" என்றார் வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த கணவர்.

தையல்காரி சிரிக்கவில்லை. மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கல்யாண சீசன் முடிந்தால் அந்த மெஷின் தூங்கும். மாமியாரும் மகளும் அதை நம்பித்தான் இருந்தார்கள். மாதச் சம்பளம் என்ற ஒன்று முதல்முறையாகக் கைக்கு எட்டியிருந்தது. அதைத்தான் முந்தின நாள், "வர முடியாதுங்க" என்று அவரே போன் செய்து விட்டுவிட்டார்.

"இப்பவே திருப்பிப் போடு" என்று அக்கா தன் போனை நீட்டினார்.

ஆஸ்பத்திரித் தையல் பிரிவுப் பொறுப்பாளர் அம்மாவின் குரல் வெளியே வரை கேட்டது. "நேத்து பஸ் இல்லங்கிறீங்க, இன்னிக்கு இருக்குங்கிறீங்க. என்னம்மா விளையாட்டு இது? சரி, ஒண்ணாந்தேதி எட்டரைக்கு மெஷின்ல உக்காந்திருக்கணும். வரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்."

அடுத்த போன் உறுப்பினருக்கு. மேட்டில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை அவர் அலுவலக வாசலில் வந்து உட்காரப் போவதாகத் தையல்காரி சொன்னதையும் அக்கா சேர்த்தே சொன்னார். மறுமுனையில் சிரிப்பு வெடித்தது.

"நாலு வார்த்தையில என் தலையில நானே மண்ணைப் போட்டுக்கிட்டேனா? நல்லவேளை சொன்னீங்க, ரொம்ப நன்றிம்மா. இனிமே எழுதறது நான், சொல்றது நீங்க. உங்க வாயில எப்படி வருதோ அப்படிச் சொல்லிடுங்க."

அன்று சாயங்காலம் ஆட்டோ மேட்டில் ஊர்ந்தது. "மேட்டு மக்களே, பஸ் வரும். வந்து இங்கயே நிக்கும். நீங்க ஏறலாம். நீங்க ஏறின பிறகுதான் போகும்!"

ஒன்றாம் தேதி காலை, புதிதாக நட்ட பலகையின் அடியில் சாப்பாட்டுப் பையோடு தையல்காரி நின்றார். பின்னால் சின்னக் கூட்டம். "சும்மா பாத்துட்டு வரலாம்" என்று கணவரைக் கிளப்பிக்கொண்டு அக்காவும் வந்திருந்தார்.

பேருந்து வந்தது. வேகம் குறையவில்லை. தையல்காரி கை காட்டினார். அவரைத் தாண்டிப் போய்விட்டது.

நீட்டிய கை இறங்குவதற்குள் அக்கா மைக்கைப் பிடுங்கினார். "டிரைவர் அண்ணே! நிறுத்தம்!"

குழாய் இரண்டும் அலறின. பிரேக் கிறீச்சிட்டது. டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "மன்னிச்சுக்கம்மா! ஆர்டர் வந்தது ஞாபகம் இருக்கு, பழகின காலு கேக்கமாட்டேங்குது!"

எல்லோருக்கும் முன்னால் ஓடி ஏறியது தையல்காரிதான். எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்துவிட்டார்.

இந்த மாதச் செய்தியின் கடைசியில் உறுப்பினர் வழக்கம்போலப் போக்குவரத்து அதிகாரிகளுக்கு நன்றி எழுதியிருந்தார். அக்கா அதைப் படித்துவிட்டு, முதல்முறையாகத் தானாக ஒன்றைச் சேர்த்தார்: "தப்பாப் போய்ச் சேர்ந்ததை மூஞ்சிக்கு நேரா சொல்லி, நம்மளைத் திருத்தின மேட்டுத் தையல்காரத் தங்கச்சிக்கும் நன்றி!"

படித்துக்கொண்டிருக்கும்போதே எதிரே பேருந்து வந்து நின்றது. டிரைவர் பெருமையாக ஒரு ஹாரன் அடித்தார். ஜன்னல் வழியாக ஒரு கை நீண்டது. அதில் மடித்த சீட் உறை, ஓரமெல்லாம் இரட்டைத் தையல்.

"பிடிங்கக்கா! லேட்டாயிடுச்சு. முன்ன மாதிரி நான் வீட்டுலயா கெடக்கேன்?"