குழாய்க்குள் இன்னொரு மூச்சு

காது கேட்கிறதா இல்லையா என்று சோதித்துச் சொல்வது என் தொழில். ஒலி புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டிவிட்டு, "சத்தம் கேட்டா பட்டன அமுக்குங்க" என்பேன். நான் எந்தச் சத்தமும் அனுப்பாதபோதும் சிலர் அமுக்குவார்கள். இல்லாத சத்தத்தைக் கேட்பவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன். அன்றைக்குக் கடலில் நான் கேட்டது பிரமை இல்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அக்காவுக்கு ஐம்பது வயது நிறைந்ததைக் கொண்டாடத்தான் அந்தப் பயணம். பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே ஊரை மேய்க்கிற ஆள். வீட்டிலும் அதே பாஷைதான். அத்தான் அவசரமாகச் சாப்பிட்டால் "பிரேக்கப் போடுங்க" என்பாள். எனக்கு ஏழு வயதில் அம்மா தவறிப்போனாள். அதிலிருந்து எனக்குத் தலை பின்னிவிட்டதும், ஜுரம் வந்தால் கண் விழித்ததும், மாப்பிள்ளை பார்த்ததும் அக்காதான். நாற்பத்து மூன்று வயதிலும் அவளுக்கு நான் 'குட்டி'.

மகளுக்குப் பரீட்சை என்பதால் என் வீட்டுக்காரர் வரவில்லை. அக்கா, அத்தான், நான். மூன்றே பேர்.

வெள்ளை நிறத்தில் இரண்டு தட்டுப் படகு. மேல்தட்டில் ஆளுயர ஸ்பீக்கர்கள். கரையை விட்டுக் கிளம்பியதுமே மைக் பிடித்த ஒருத்தர் எல்லாரையும் எழுப்பி ஆடவைத்தார். அத்தானையும் விடவில்லை. மருந்துக் கடையில் நின்றபடியே முப்பது வருடம் ஓட்டிய மனிதர், இடுப்பை எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தெரியாமல் முழித்தார். அக்கா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஜூஸ் சிந்தியது. அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பவளப்பாறைகள் இருக்கும் இடத்தில் நங்கூரம் போட்டார்கள். கண்ணாடி போல் தண்ணீர். கொஞ்சம் தள்ளி ஒரு மிதவைக் கயிறு. அதற்கு அந்தப் பக்கம் தண்ணீரின் நிறமே வேறு. கருநீலம்.

"கயித்துக்கு அந்தப் பக்கம் போகாதீங்க. அங்க தரை சட்டுனு இறங்கிடும்" என்றாள் வழிகாட்டிப் பெண். முப்பது வயது இருக்கும். வெயிலில் காய்ந்த முகம், கூச்சமான குரல். ஒவ்வொருவருக்கும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட், மூக்கையும் மூடும் கண்ணாடி, வாயில் கவ்விக்கொள்ள வளைந்த குழாய் கொடுத்தாள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு குழாய் வழியாக மூச்சு விட வேண்டும். அவ்வளவுதான் ஸ்நார்க்கெலிங்.

முதலில் இறங்கியவர்களைப் பார்த்துவிட்டு அக்கா சொன்னாள். "என்னடி இது, குப்புறப் படுத்துக்கிட்டு... எல்லாரும் போய்ச் சேந்தவங்க மாதிரியே மிதக்கறாங்க."

"நல்ல வார்த்தையே வராதா உன் வாயில?" என்றார் அத்தான். அவர் தண்ணீரில் இறங்கவில்லை. பக்கெட் தண்ணீரே போதும் என்றுவிட்டார்.

நானும் அக்காவும் இறங்கினோம்.

முதல் பத்து நிமிடம் சொர்க்கம். மஞ்சளும் நீலமுமாகக் குட்டி மீன்கள் என் விரல்களுக்கு நடுவே புகுந்து போயின. படகின் பாட்டு தண்ணீருக்குள் வெறும் 'தும்... தும்...' என்று வந்தது. அதற்கு மேல் என் மூச்சு. குழாய்க்குள் அது பெரிதாகக் கேட்கும். ஹ்ஹூ... ஹா... ஹ்ஹூ... ஹா...

அந்த 'தும்... தும்...' நின்றது.

பாட்டை நிறுத்திவிட்டார்கள் போல என்று தலையைத் தூக்கினேன். மேலே பாட்டு காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மறுபடியும் முகத்தை உள்ளே வைத்தேன். சுத்தமான அமைதி. என் சோதனை அறைக்குள் இருப்பது போல.

என் மூச்சு மட்டும். ஹ்ஹூ... ஹா...

பிறகு கவனித்தேன். நான் இழுக்கும்போது இன்னொன்று விடுகிறது. நான் விடும்போது அது இழுக்கிறது.

மூச்சை அடக்கினேன்.

ஹ்ஹூ... ஹா... ஹ்ஹூ... ஹா...

நிற்கவில்லை.

பக்கத்தில் அக்கா இருக்கிறாள், அவள் மூச்சுதான் கேட்கிறது என்று நினைத்தேன். கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஆரஞ்சு ஜாக்கெட். குப்புறப் படுத்த முதுகு. தண்ணீரில் விரிந்து கிடந்த நீளமான முடி.

அக்காவின் முடி தோளுக்கு மேல்.

தலையைத் தூக்கிப் படகைப் பார்த்தேன். ஏணிக்குப் பக்கத்தில் அக்கா துண்டால் முகம் துடைத்துக்கொண்டு நின்றாள்.

சரி, யாரோ ஒரு பயணி. "சாரிங்க" என்று குழாயோடே முனகிவிட்டு விலகினேன். அந்த ஆள் காலை அடிக்கவில்லை. கையை அசைக்கவில்லை. ஆனால் நான் நகர நகர அதே தூரத்தில்... கூடவே வந்தது.

குழாயை வாயிலிருந்து எடுத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் தெரியவில்லை. அதைக் காதோரம் வைத்தேன்.

ஹ்ஹூ... ஹா...

குழாய்க்குள்ளிருந்து... என் வாய் அதில் இல்லாதபோதும்.

விட்டெறிந்தேன். எப்படி நீந்தினேன், எப்போது படகின் மறுபக்க ஏணியைப் பிடித்தேன், ஒன்றும் நினைவில்லை. நேராகக் கீழ்த்தட்டுக் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு வாந்தி எடுத்தேன். முகம் கழுவினேன். 'உப்புத் தண்ணி குடிச்சிட்ட, வேற ஒண்ணும் இல்ல' என்று கண்ணாடியைப் பார்த்து எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெளியே வந்தால் அத்தான் மட்டும் நின்றார்.

"அக்கா எங்க அத்தான்?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "நீ இங்கயா இருக்க? உன்னத் தேடித்தானே மறுபடி இறங்கினா. 'குட்டி ரொம்ப தூரம் போறா, போய்க் கூட்டிட்டு வரேன்'னாளே..."

கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

மிதவைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் அக்கா. கருநீலத் தண்ணீரில் கையை வீசி வீசி நீந்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு ஆரஞ்சு ஜாக்கெட். குப்புற. விரிந்த முடி. அக்கா நெருங்க நெருங்க அது தள்ளிப் போனது.

"அக்கா!"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. பாட்டு. அந்தப் பாழாய்ப்போன பாட்டு.

"அக்கா! அக்கா!"

பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் நானும் பாடுகிறேன் என்று நினைத்துக் கை தட்டினார்கள். படியேறி ஓடினேன். ஆடவைத்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன்.

"அக்கா! நான் இங்க இருக்கேன்! படகுல இருக்கேன்! திரும்பு!"

பாட்டு நின்றது. கடல் முழுக்க என் குரல் மட்டும்.

அக்கா திரும்பினாள். என்னைப் பார்த்தாள். என்னையே பார்த்தாள். பிறகு... மெதுவாக... முன்னால் இருந்ததைப் பார்த்தாள்.

'தொப்' என்று சத்தம். வழிகாட்டிப் பெண் மிதவை வளையத்தோடு குதித்துவிட்டாள். நான் கீழே ஓடி வந்தேன். ஏணியை மறித்துக்கொண்டு கூட்டம். அதை விலக்கிக்கொண்டு நான் போவதற்குள் அத்தானும் படகாட்களும் அக்காவைத் தூக்கி மேலே போட்டிருந்தார்கள். இருமினாள். தண்ணீர் கக்கினாள். மூச்சு வந்தது. நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அவள் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"ஏண்டி அவ்ளோ தூரம் போன?"

"நான் போகலக்கா. நான் மேலதான் இருந்தேன்."

"கூப்பிட்டியே... 'அக்கா, கால் இழுத்துக்கிச்சு, வா'ன்னு அழுதியே..."

"எப்படிக்கா கூப்பிட்டேன்? முகத்தத் தூக்கியா?"

அக்கா யோசித்தாள்.

"இல்ல. முகம் தண்ணிக்குள்ளதான் இருந்துச்சு."

முன்னால் போனது வேறு யாரோ பயணி, தானாகத் திரும்பி வந்திருப்பார் என்று படகில் பேசிக்கொண்டார்கள். நானும் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கரையில் ஒரு டாக்டர் பார்த்தார். நெஞ்சில் தண்ணீர் தங்கவில்லை, ஓய்வெடுக்கட்டும் என்றார். எங்களுக்காக வேன் காத்திருந்தது. விடுதிக்கு வந்து சேர்ந்தோம்.

இரண்டாவது மாடியில், நீள நடையின் கடைசி அறை. அக்காவைப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டேன். அத்தான் மாத்திரை வாங்கப் போனார். பொழுது இன்னும் முழுதாகச் சாயவில்லை. கீழே போய் ஒரு பிளாஸ்கில் வெந்நீர் வாங்கிக்கொண்டு ஐந்தே நிமிடத்தில் திரும்பிவிட்டேன். கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை. சாவி அட்டையை உள்ளேயே வைத்துவிட்டேன்.

தட்டினேன். டக் டக்.

உள்ளே அக்காவின் குரல். தூக்கக் கலக்கத்தோடு.

"குட்டி... யாரோ தட்டறாங்க பாரு..."

பிளாஸ்க் என் கையில் கனத்தது.

"போய்த் தொறடி..."

உள்ளே காலடிச் சத்தம். சளக்... சளக்... ஈரமான காலை வழவழப்பான தரையில் வைக்கும் சத்தம்.

கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

கைப்பிடி அசையவில்லை.

"அக்கா! நாந்தான்க்கா வெளிய நிக்கறேன்! நீ எழுந்து வா! நீயே வா!"

பிறகு கட்டில் கிறீச்சிட்டது. சாதாரண நடை. கதவு திறந்தது. அக்கா.

என்னைப் பார்த்தாள். திரும்பிக் குளியலறைப் பக்கம் பார்த்தாள்.

"நீ உள்ளதானேடி இருந்த?"

குளியலறையில் யாரும் இல்லை. கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், திரைக்குப் பின்னால்... எங்கும் இல்லை. கனவு கண்டிருக்கிறாள் என்றேன். அத்தானிடமும் அப்படித்தான் சொன்னேன். மூன்று பேரும் விளக்கை அணைக்காமல் ஒரே அறையில் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம்.

காலையில் முதல் வேலையாக அறையைக் காலி செய்தோம். அதே வேனும் டிரைவரும் வந்திருந்தார்கள். அக்கா போய் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அத்தான் பெட்டிகளோடு வாசலில் நின்றார். நான் வரவேற்பறையில் சாவி அட்டையைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்த வழிகாட்டிப் பெண் உள்ளே வந்தாள். தூங்காத கண்கள்.

"வேலைக்குப் போற வழியில பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். எப்படி இருக்காங்க?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா நல்லா இருக்காங்கம்மா. நீ இல்லைன்னா..."

"பெரியவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கு அப்பவே தெரியும். நல்லா கால அடிச்சிக்கிட்டு வந்தாங்க." குரலைத் தாழ்த்தினாள். "நான் கேட்டது அந்த இன்னொருத்தங்கள."

"யார?"

"ரெண்டு பேரையும் ஒரே வளையத்துல தானே இழுத்துக்கிட்டு வந்தேன்? அவங்கதான் அவ்ளோ கனம். பெரியவங்கள நீங்கல்லாம் தூக்குனப்போ அவங்க பாட்டுக்குப் பின்னாடி ஏணியில ஏறிட்டாங்க. கரை வர்ற வரைக்கும் உங்க மூணு பேர் பக்கத்துல தலை குனிஞ்சு உக்காந்திருந்தாங்களே... ஒருத்தருமே அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசல. ஏதோ குடும்பச் சண்டை போலன்னு நெனச்சேன். உங்ககூடத்தானே வேன்ல ஏறினாங்க?"

அவள் கையை விட்டேன்.

வெளியே ஓடினேன். வேனின் கதவைத் தள்ளித் திறந்தேன். நடுவரிசையில் அக்கா மட்டும். பின்வரிசை காலி. என் கண்ணுக்குக் காலி.

"இறங்குக்கா."

"என்னடி..."

"இறங்கு!"

வாழ்நாளில் முதல்முறையாக அக்காவை அதட்டினேன். கையைப் பிடித்து இழுத்து இறக்கினேன். கதவை ஓங்கிச் சாத்தினேன். "அத்தான், பெட்டிய எடுத்துக்கிட்டு வாங்க. வேற வண்டியில போறோம்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டார். மூன்று பேரும் விறுவிறுவென்று தெருமுனையை நோக்கி நடந்தோம்.

பின்னாலிருந்து டிரைவர் கூப்பிட்டார். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டியிருந்தார்.

"மேடம்! நீங்க வரலேன்னா பரவால்ல... பின்னாடி உக்காந்திருக்கறவங்கள எங்க இறக்கிவிடணும்?"