தலைவரின் கைக்கடிகாரம்

எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது அப்பாவின் காதுதான். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில், சூளையிலிருந்து இறங்கிய கோப்பைகளை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துப் பிரிப்பது அவர் வேலை. கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் விரிசல். அந்த வருஷம் விரிசல் விட்ட கோப்பைகள் சில அவர் கையைத் தாண்டிக் கடைக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டன. முதலாளி சத்தம் போடவில்லை. "காதைக் கொஞ்சம் பாத்துக்கய்யா. இன்னொரு தரம் வந்துச்சின்னா வேற ஆளத்தான் போடணும்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆயுத பூஜை முடிந்ததும் வேலையாட்களைக் குடும்பத்தோடு வேனில் எங்காவது அழைத்துப் போவது முதலாளியின் வழக்கம். அந்த முறை சென்னை. கோட்டையை வெளியிலிருந்தே பார்த்தோம். உள்ளே விடமாட்டார்கள் என்பதே அதற்குத் தனி மரியாதையைக் கொடுத்தது. அப்புறம் கடற்கரையில் தலைவர்களின் சமாதிகள். நான் அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பளபளப்பான கல்லை அதுவரை பார்த்ததில்லை. பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிய கூட்டம் வாசல்வரை வாயாடிவிட்டு, உள்ளே நுழைந்ததும் குரலைத் தாழ்த்தியது. சிலர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள். இது கோயிலா, பார்க்கா என்று யாருக்கும் தெளிவில்லை. செல்போனில் படம் எடுக்கும்போது சிரிக்கலாமா கூடாதா என்பதிலும் குழப்பம்தான்.

அங்கே ஒரு சமாதியில் விசேஷம் உண்டு. தலைவரைக் கைக்கடிகாரத்தோடு அடக்கம் செய்தார்களாம். கல்லில் காதை வைத்தால் இன்னமும் அது ஓடுகிற சத்தம் கேட்குமாம். முதலில் முதலாளி குனிந்தார். "சுத்தமா கேக்குதுப்பா" என்றார். முதலாளிக்கே கேட்ட பிறகு வேலையாட்களுக்குக் கேட்காமல் இருக்குமா? வரிசையாக எல்லோருக்கும் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டது. நானும் காதை வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நகர்ந்துகொண்டேன்.

அப்பா காதை வைத்தார். எடுத்தார். மறு காதை வைத்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"என்னய்யா, கேக்குதா?" என்றார் முதலாளி.

"கேக்குதுங்க மொதலாளி."

எழுந்தபோது அப்பாவின் முகம் வெளிறியிருந்தது. என்னை ஓரமாக அழைத்துப்போய்க் குந்தினார்.

"பாப்பா, மெய்யா சொல்லு. ஒனக்குக் கேட்டுச்சா?"

ஊருக்கே கேட்ட சத்தம் எனக்கு மட்டும் கேட்கவில்லையே என்ற வெட்கத்தில்தான் நான் வாயே திறக்காமல் இருந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஒண்ணுமே கேக்கலப்பா."

அப்பா சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை அந்த வருஷம் முழுக்க நாங்கள் பார்க்கவில்லை. என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். சுண்டல், மாங்காய், பஞ்சுமிட்டாய் என்று வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஒரு காதுக்கு ஒன்றும் எட்டாமல் போனதற்கு இத்தனை தீனியா என்று நான் வியந்தேன்.

என்னை அம்மாவிடம் விட்டுவிட்டு, கால் நனைக்கிறேன் என்று அப்பா கடலைப் பார்த்து நடந்தார். அதற்குள் வேன் கிளம்பப்போவதாக ஆள் வந்து சொன்னான்.

"ஏங்க" என்று அம்மா கூப்பிட்டாள். அப்பா திரும்பவில்லை. இன்னும் கிட்டப் போய், இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். அப்பா கையை வீசிக்கொண்டு சந்தோஷமாகப் போய்க்கொண்டே இருந்தார். அம்மா சட்டென்று முதலாளி நிற்கும் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம், "நீ ஓடிப்போயி அப்பா கையப் புடிச்சிக் கூட்டியா" என்றாள்.

அலை இரைச்சல் இன்றைக்கு ரொம்ப அதிகம் என்று நினைத்துக்கொண்டே நான் ஓடினேன்.