கிள்ளானில் பார்த்த காதுகுத்துப் படம்

1945 நவம்பர். சயாமிலிருந்து திரும்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. நான் தங்கியிருந்த பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஸ்டேஷனுக்கு நடந்து, காலை எட்டு மணி வண்டியில் கிள்ளானுக்கு ஏறினேன். ஏறக்குறைய இருபது மைல்; டிக்கெட் அறுபது காசு, ஜப்பான் நோட்டு செல்லாது. சயாமில் ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதை வேலையில் என்னோடு இருந்த சுப்பையா இறந்துபோன செய்தியை அவன் அக்கா பார்வதியிடம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் போனேன்.

பத்து தீகா ஸ்டேஷன் தாண்டி வண்டி வெகுநேரம் நின்றது. எதிரே இருந்த தோட்டத்துப் பெண் எங்கிருந்து வருகிறேன் என்று விசாரித்தாள். சயாம் என்றதும், நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தவள்போல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

பதினொரு மணிக்குக் கிள்ளான். மாட்டு வண்டிக்காரர் பார்வதியின் வீடு தெரியும் என்றார். இறக்கிவிடும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார்.

"படத்தப் பாத்து சொல்லச் சொல்லுவாங்க அண்ணே. பாக்காதீங்க லா."

பார்வதிக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். சத்தான சாப்பாடு இல்லாமல் பார்வை மங்கிவிட்டதாம். அவித்த மரவள்ளிக்கிழங்கும் கறுப்புக் காப்பியும் தந்தார். நான் வாய் திறக்கும் முன்பே, சுவரில் இருந்த படத்தில் என்ன தெரிகிறது என்று கேட்டார். சொல்ல வந்ததைத் தள்ளிப்போட எனக்கும் அது வசதியாக இருந்தது.

சுப்பையாவின் காதுகுத்துப் படம் அது. கடைப் பலகை எழுதும் சீனர் ஒருவர் வரைந்தது. எல்லோருக்கும் கண் கொஞ்சம் சீனக் கண்ணாகவே இருந்தது. தலைப்பாகை கட்டிய தாய்மாமன் மடியில் மொட்டைத் தலையோடு குழந்தை. வாய் திறந்து அழுகிறது. ஆசாரி தங்கக் கம்பியோடு குனிந்திருக்கிறார். பக்கத்தில் சர்க்கரைத் தட்டோடு ஒரு சிறுமி.

"அது நான்தான்," என்றார் பார்வதி.

படத்தில் அவர்களுக்குப் பின்னால் வாசலில் ஒருவர் நிற்பதையும் சொன்னேன். மெலிந்த ஆள், இடுப்பில் சாக்குத் துணி.

"வாசல்ல யாரையும் வரையல தம்பி."

கிட்டே போய்ப் பார்த்தேன். அந்த ஆளின் இடது காலில் நீலக் கரைத் துணி சுற்றியிருந்தது. சுப்பையாவின் கால் புண்ணுக்கு என் வேட்டியைக் கிழித்து நான் கட்டிய துணி. அதோடுதான் அவனைப் புதைத்தேன். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

பார்வதி படத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "உள்ள வரானா, வெளிய போறானா?" என்று கேட்டார்.

ஒரு கால் வாசற்படிக்கு இந்தப் பக்கம் இருந்தது.

"உள்ள வரான்க்கா."

அதற்குப் பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், கடைசி இரவு, புதைத்த மூங்கில் காடு. அவர் அழாமல் கேட்டார். முடிந்ததும் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே போய், சாத்தியிருந்த வாசல் கதவை அகலத் திறந்து வைத்தார்.

மூன்று மணி வண்டியில் திரும்பினேன். இதற்கு முன் நான்கு வீடுகளில் இதே மாதிரிச் செய்தி சொல்லியிருக்கிறேன். நிஜமா, நீயே பார்த்தாயா என்று அங்கே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பார்வதி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் என் அறைச் சுவரில் படம் எதுவும் இல்லை, ஒரு காலண்டர்கூடக் கிடையாது; செத்தவர்கள் யாரும் வந்து நிற்க அங்கே இடமில்லை. அன்று முதன்முதலாக அது எனக்கு நிம்மதியாக இருந்தது.